புதன்கிழமை, இரண்டரை மணிக்கு

“இது என்னோடது!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வரிசை முடிகிற இடத்தில் தர்மனின் சின்ன கம்ப்யூட்டர் கடை. வெளியே நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேஜை மேல் ஒரே ஒரு பெட்டி. மேஜையில் வைத்துப் பேசுகிற மைக். பெட்டியின் ஒரு முனையை ஸுபத்ரா பிடித்திருந்தாள். மறுமுனையை, மழையில் நனைந்த ஒரு நீலச் சட்டைக்காரன்.

“நான் காலையிலேயே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்” என்றாள் அவள்.

“நான் நேத்தே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனேங்க.”

“அப்போ நேத்தே வாங்கியிருக்கலாமே?”

“நேத்து சரக்கு இல்லீங்களே... இன்னிக்குத்தான் வந்திருக்குது.”

இருவரும் தர்மனைப் பார்த்தார்கள். தர்மன் கூரையைப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேம்பா. வேற வரத்துக்கு பத்து நாள் ஆவும்.”

“நாளைக்கு எனக்கு கிளாஸ் இருக்கு. நாற்பது பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“எனக்கும்தான் கிளாஸ். எங்க பசங்க முப்பத்தெட்டு பேரு.”

“நாற்பதுதான் பெரிசு!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எதிரே நின்றவன் சிரித்துவிட்டான். சத்தமில்லாத சிரிப்பு. உதடு அசையும் முன்பே கண்ணுக்கு வந்துவிட்ட சிரிப்பு... இமையில் தங்கியிருந்த ஒரு மழைத்துளி கன்னத்தில் இறங்கியது.

“கணக்கு டீச்சருங்களா?”

“ஏன்?”

“சண்டையிலயும் எண்ணிப் பார்க்குறீங்களே... எடுத்துக்கங்க.”

அவன் சட்டென்று கையை விட்டான். இழுத்துப் பிடித்திருந்தவள் இரண்டடி பின்னால் போய்ப் பழைய மானிட்டர் ஒன்றின் மேல் மோதினாள். பணத்தைக் கொடுத்துவிட்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆட்டோ திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். அவன் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

சே... ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை, காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் சில பள்ளிகளுக்குத் தலா ஒரு கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் கொடுத்திருந்தது. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை இரண்டரை மணிக்கு, இரண்டு பள்ளிகளின் பத்தாம் வகுப்புகள் இணையத்தில் சேர்ந்து கணக்குப் பயிற்சி செய்ய வேண்டும். எந்தப் பள்ளிக்கு எது ஜோடி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் ஸுபத்ரா கணக்கு சொல்லித்தந்த பெண்கள் பள்ளிக்குக் கிடைத்தது திருப்புட்குழி அரசுப் பள்ளி.

ஏற்பாடு இதுதான். ஆறு பேருக்கு ஒரு குழு; மூன்று பேர் இந்தப் பள்ளி, மூன்று பேர் அந்தப் பள்ளி. கணக்கு இரண்டு பக்கத் திரையிலும் தெரியும். குழு மைக்குக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு பக்கம் வாயால் சொல்லச் சொல்ல, மறுபக்கம் மவுஸால் திரையில் எழுத வேண்டும். அதை ஒரு மாணவி கரும்பலகையில் பெரிதாக எழுதுவாள். மற்றவர்கள் நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள்.

முதல் புதன்கிழமை. பெண்கள் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து முதலில் வந்தது ஒரு கொர்ர்ர்... பிறகு ஏதோ பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரு சத்தம்.

“திருப்புட்குழி, கேக்குதா?” என்றாள் ஸுபத்ரா.

“கேக்குது டீச்சர். எங்களதுதான் சரியா கேக்காது. மன்னிச்சுக்கங்க. எங்ககிட்ட இருக்குறது ஒரே ஒரு ஹெட்போன். ஒருத்தர் தலைலேருந்து இன்னொருத்தர் தலைக்கு மாத்திக்கினு இருக்கோம்...”

இந்தக் குரல்!

“மைக் வாங்கிக்கறதுதானே சார்?” என்று கேட்டாள் முதல் பெஞ்சு மாணவி.

“வாங்கத்தாம்மா போனேன். ஒரு டீச்சர் புடுங்கிக்கினாங்க. நாற்பதுதான் பெரிசுன்னாங்க. நானும் கணக்கு வாத்தியார்தானே... ஒத்துக்கினேன்.”

ஸுபத்ராவின் முகம் காதுவரை சிவந்தது. நாற்பது பெண்களும் மேஜை மேலிருந்த புது மைக்கைப் பார்த்தார்கள். பிறகு டீச்சரைப் பார்த்தார்கள். வகுப்பே சிரிப்பில் குலுங்கியது.

“அந்த டீச்சர் ரொம்ப வருத்தப்பட்டதா கேள்வி” என்றாள் அவள், மைக்கிடம் குனிந்து. “தேங்க்ஸும் சொல்லச் சொன்னாங்க.”

“வந்து சேர்ந்திடுச்சுங்க” என்றது குரல். “என் பேரு ஜோசுவா.”

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளை ஸுபத்ரா எண்ண ஆரம்பித்தாள்... கணக்கு டீச்சர் அல்லவா!

பத்து நாளில் திருப்புட்குழிக்கும் ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன. திரையில் முகம் தெரியாது. அந்த இணைப்புக்குக் குரல் போய்ச் சேருவதே பெரிய காரியம். அதுதான் பிள்ளைகளுக்கு வசதியாகப் போயிற்று. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் அழுதுவிடுகிற பெண்கள்கூட, முகம் தெரியாத அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் “அதெப்படி? அடைப்புக்குறியை முதல்ல பிரி!” என்று அதிகாரம் செய்தார்கள். அங்கிருந்து “ஏம்மா, நீ பிரிச்சுக்காட்டேன் பார்க்கலாம்” என்று பதில் வரும்.

இரண்டு இருபத்தைந்துக்கு லைனைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும். ஐந்து நிமிஷமும் அவர்களுக்குப் போதவில்லை.

“கேக்குதா டீச்சர்?”

“கேக்குது. இங்கே மழை. அங்கே?”

“இங்க இன்னும் இல்ல. வானம் கருத்துக்கினு வருது.”

“இருங்க... அனுப்பி வைக்கிறேன்.”

கால் மணி நேரம் கழித்து, பாதிக் கணக்கில், ஸ்பீக்கரில் சடசடவென்று ஓட்டுக்கூரையில் விழும் மழை கேட்கும். அதே மழை! தன் ஜன்னலைத் தாண்டிப் போன மழை இப்போது அவன் தலைக்கு மேல்... ஸுபத்ரா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுத மறந்து நிற்பாள்.

“டீச்சர், அடுத்த படி?” என்று பெண்கள் கேட்கிற வரைக்கும்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை அது நடந்தது.

திரையில் எளிமையான கணக்குதான். இரண்டு எண்களின் கூடுதல் நாற்பது, வித்தியாசம் பன்னிரண்டு. எண்கள் எவை? x, y என்று வைத்து இரண்டு சமன்பாடுகள் எழுதி, ஐந்து படிகளில் முடிக்க வேண்டும். திருப்புட்குழியில் கலாவதி என்ற மாணவி மவுஸைப் பிடித்திருந்தாள். இங்கிருந்து யாரும் வாய் திறக்கும் முன்பே திரையில் எழுதிவிட்டாள்: 26, 14.

அவ்வளவுதான். சமன்பாடு இல்லை. படி இல்லை.

அன்று காலைதான் தலைமை ஆசிரியை, படிகளை எழுதாமல் மதிப்பெண் இழக்கும் பெண்களைப் பற்றி ஸுபத்ராவிடம் கடுமையாகப் பேசியிருந்தார். அந்த எரிச்சல் அவள் கையில் இருந்தது. மவுஸை எடுத்து, அந்த விடையின் மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

“படி எங்கே? விடையை எங்கே பார்த்து எழுதினே, கலாவதி?”

அந்தப் பக்கம் மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்டது. பிறகு யாரோ பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து போகிற சத்தம்.

“டீச்சர், அந்தப் பொண்ணு...” என்று ஆரம்பித்தான் ஜோசுவா.

“பப்ளிக் எக்ஸாம்ல படிக்குத்தான் சார் மார்க். நீங்க இதையெல்லாம் பழக்கப்படுத்தக் கூடாது.”

எழுபத்தெட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குரல் வந்தது.

“சரிங்க மேடம். இன்னிக்கு இத்தோட முடிச்சுக்கலாம்.”

டீச்சர் இல்லை... மேடம்.

லைன் அறுந்தது. அதற்கு முன்னால், திரையின் ஓரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் ஒரு செய்தி வந்து நின்றது. ‘கலாவதி யாரையும் பார்த்து எழுதல. எங்க பார்த்து எழுதினேன்னு கேட்டீங்க. எப்படிப் போட்டேன்னு கேட்டிருக்கலாம். எங்க ஊர்ப் பொண்ணுக்குத் தானா வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.’

அடுத்த புதன்கிழமை இரண்டு இருபத்தைந்துக்கு ஸுபத்ரா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். “திருப்புட்குழி... கேக்குதா?”

பதில் இல்லை.

அதற்கடுத்த வாரமும் இல்லை. பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனியாகவே கணக்குப் போட்டார்கள். ‘நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? படி வேணும்னு சொன்னது தப்பா? அவர் வேணும்னா கூப்பிடட்டும்’ என்று ஸுபத்ரா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியும் மனம் சமாதானம் ஆகவில்லை.

மூன்றாவது வாரம், மாதத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் தாளில் அதே மாதிரிக் கணக்கு; எண்கள் வேறு. பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாள்: ‘கலாவதி முறையில் சரிபார்த்தேன்.’ கூடுதலில் பாதி. வித்தியாசத்தில் பாதி. ஒரு முறை கூட்டு, ஒரு முறை கழி. விடை வந்துவிட்டது.

ஸுபத்ராவின் பேனா நின்றது.

வேறு எண்களைப் போட்டுப் பார்த்தாள். சரி. இன்னொரு ஜோடி. சரி. x, y என்றே வைத்துப் பார்த்தாள். இரண்டே வரியில் நிரூபணம் முடிந்துவிட்டது! நாற்பதில் பாதி இருபது, பன்னிரண்டில் பாதி ஆறு. இருபத்தாறு, பதினான்கு. அந்தப் பெண் எங்கேயும் பார்க்கவில்லை. மனசுக்குள்ளேயே போட்டிருக்கிறாள். தன் வகுப்புப் பெண்கள் அந்த விடையைப் பார்த்தே வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்த தான்தான்...

காது சுட்டது.

சனிக்கிழமை காலை திருப்புட்குழி பஸ்ஸில் ஏறினாள். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் அவள் நிழல் விழுந்ததும் ஜோசுவா திரும்பினான். கையில் சாக்பீஸ். அதே நீலச் சட்டை. ஆனால் கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை.

“வாங்க மேடம்.”

“உங்களைப் பார்க்க வரல, சார். கலாவதியைப் பார்க்க வந்தேன்.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். ஒல்லி உடம்பு. நேராகப் பார்க்கிற கண்.

“அந்தக் கணக்கை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்றியா, கலாவதி?”

அந்தப் பெண் ஜோசுவாவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

“ரெண்டும் ஒண்ணா இருந்தா இருபது, இருபது டீச்சர். ஆனா ஒண்ணா இல்லியே... பன்னெண்டு வித்தியாசம் இருக்குது. நடுவுல நின்னுக்கினு இந்தப் பக்கம் ஆறு போனா, அந்தப் பக்கமும் ஆறு போவணும். அவ்ளோதான்.”

அவ்வளவுதான். இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது ஸுபத்ராவுக்கு.

“நீ போட்டது சரி. நான் போட்ட சிவப்புக் கோடுதான் தப்பு. உன்னைக் கேட்ட கேள்வியும் தப்பு. மன்னிச்சுக்கோ.”

கலாவதி கொஞ்சம் யோசித்தாள்.

“அன்னிக்கு உங்க ஸ்கூலுக்கும் கேட்டுச்சு, டீச்சர். இதையும் அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்வீங்களா?”

“கலாவதி...” என்றான் ஜோசுவா.

“இருங்க சார். அவ கேக்கறது நியாயம்” என்றாள் ஸுபத்ரா. இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்பின் முன்னாலும் அவள் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. “புதன்கிழமை சொல்றேன்.”

சொன்னாள். இரண்டரை மணிக்கு, நாற்பது பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மைக்கில், ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னாள். பிறகு, “இன்னிக்குப் பாடம் நடத்தப் போறது கலாவதி” என்று சொல்லிவிட்டு, தானே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கலாவதி முதலில் தடுமாறினாள். பிறகு குரல் நிமிர்ந்தது. அவள் முடித்தபோது இங்கே கைதட்டல் கிளம்பியது. அங்கிருந்து வந்த கைதட்டல் லைனில் அரை நொடி தாமதித்து, இது ஓயும் நேரத்தில் வந்து சேர்ந்தது.

அன்று லைனை அணைக்கும் முன் ஜோசுவா மெல்லிய குரலில் சொன்னான். “ரொம்ப நன்றிங்க... டீச்சர்.”

அந்த ஒரு வார்த்தை திரும்பி வந்த சந்தோஷத்தில் ஸுபத்ரா பள்ளியிலிருந்து வீடுவரை நடந்தே போனாள். ஆட்டோவில் போனால் அந்தச் சந்தோஷம் சீக்கிரம் முடிந்துவிடுமே!

மார்ச்சில் புதன்கிழமைகள் முடிந்தன. பொதுத் தேர்வு வந்தது, போயிற்று. ஏப்ரலில் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் விடைத்தாள் திருத்தும் முகாம் போட்டார்கள். பெயர்ப் பட்டியலில் இருவர் பெயர்களும் இருந்தன. ஒரே அறை, இரண்டு மேஜை தள்ளி.

பத்து நாள். குரலாக இருந்தவன் இப்போது முழுசாக இருந்தான். யோசிக்கும்போது புருவத்தைத் தேய்ப்பான். ஃபெயில் ஆகிற தாள் வந்தால் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்து, ஒரு மார்க்காவது எங்கேயாவது கிடைக்காதா என்று தேடுவான். பதினொரு மணிக்கு வெளியே புங்க மரத்தடியில் மோர் குடிப்பார்கள். ஏதேதோ பேசுவார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் இருவரும் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

ஏழாம் நாள் அவனே கேட்டான். “உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?”

“அப்பா, அம்மா. அப்பா பேரு ஹயக்ரீவன். வரதர் கோயில் பக்கம் ஒரு பாடசாலையில தர்க்கம் சொல்லித் தரார். உங்க வீட்டுல?”

“அம்மா மட்டும்தான். கங்கையம்மாள். வயல்ல கூலிக்குப் போயிதான் என்னைப் படிக்க வெச்சாங்க. நடவுக்குப் போனா ஊர்க்காரங்க வாசப்படி தாண்டித் தண்ணி வாங்கக் கூடாதுன்னு இருந்த காலம்...” அவன் மோர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “இதை எதுக்குச் சொல்றேன்னா... சில தெருவுல நம்ம நுழைய முடியாதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். தெரிஞ்சிக்கினே ஆசைப்படக் கூடாதில்ல?”

சொல்லிவிட்டு, அவள் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டான்.

அடுத்த இரண்டு நாள் அவன் மோர் குடிக்க வெளியே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒரு தீர்மானம் இருந்தது. தாள் மேல் தாளாக மளமளவென்று திருத்திக்கொண்டிருந்தாள். ஜோசுவாதான் ஒரு தாளை நான்கு முறை கூட்டினான். நான்கு விதமாக வந்தது.

பத்தாம் நாள், முகாமின் கடைசி நாள். பதினொரு மணிக்கு ஸுபத்ரா அவன் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

“வெளியே வாங்க. ஒரு விஷயம் இருக்கு.”

புங்க மரம் பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. மண்ணெல்லாம் வெள்ளையும் ஊதாவுமாக...

“ஆசைப்படக் கூடாதில்லன்னு கேட்டுட்டு ஓடிட்டீங்களே, ஜோசுவா சார். பதில் கேட்டுட்டுப் போகக் கூடாதா?”

அவன் நிமிராமல் மோர் டம்ளர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“அன்னிக்குச் சாயங்காலமே அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு. திருப்புட்குழியில கணக்கு வாத்தியார்னு. பேரு ஜோசுவான்னு. அவங்க அம்மா பேரும் சொன்னேன். எதையும் மறைக்கல.”

ஜோசுவாவின் கையிலிருந்த டம்ளர் சரிந்து மோர் சட்டையில் கொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே வீட்ல சொல்லிட்டீங்களா?”

“ஆமாம். அங்கே சொல்லத் தைரியம் இல்லேன்னா, உங்ககிட்ட சொல்ல எனக்கு என்ன யோக்யதை?”

“அப்பா... என்ன சொன்னாரு?”

ஸுபத்ராவின் கண் கலங்கியது. ஆனால் உதட்டில் சிரிப்பு இருந்தது.

“முதல் நாள் பேசல. ரெண்டாம் நாளும் பேசல. அம்மா அழுதுண்டே சமைச்சா. நான் சாப்பிட்டேன். நேத்து ராத்திரி சாப்பாட்டுல அப்பா நிமிராமலே சொன்னார்... ‘அந்தப் பிள்ளையாண்டானை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. பார்க்கணும். சாயங்காலமா வரச் சொல்லு. காத்தால அவாளுக்குச் சர்ச் இருக்குமோன்னோ’ன்னு.”

ஜோசுவா வாய் திறந்தான்.

“சரின்னு சொல்லல” என்றாள் அவள் அவசரமாக. “இன்னும் எதுவும் சரின்னு சொல்லல. ஆனா, வாசலைத் திறந்து வெச்சிருக்கார்.”

உள்ளே மணி அடித்தது. ஆசிரியர்கள் டம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இவர்கள் மட்டும் நகரவில்லை. அவன் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுடைய கலங்கிய கண்ணுக்குள் அந்தச் சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது...

“எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குது, ஸுபத்ரா.”

டீச்சரும் இல்லை, மேடமும் இல்லை. வெறும் பெயர்.

“தெரியும்” என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. “ஆனா ஒரு தடவை நேர்ல நின்னு சொல்லிக் கேக்கணும்னு இருந்தது.”